மௌன வாரத்தில் அம்மா வந்தாள்

பிப்ரவரி 2

மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம். அதில் "அம்மா" என்ற சொல் பதினொரு இடத்தில் வருகிறது, விரல்விட்டு எண்ணினேன். அதில் இரண்டுதான் நான். மீதி ஒன்பதும் உங்கள் மடத்துத் தலைவி. அம்மா சொன்னார்கள், அம்மா அனுப்பினார்கள், அம்மா சிரித்தார்கள். அந்த அம்மாள் நல்லவராகவே இருக்கட்டும். எனக்கு ஒன்றும் வயிற்றெரிச்சல் இல்லை. சரி, இருக்கிறது, இருந்தால்தான் என்ன? பத்து மாதம் அவரா சுமந்தார்? இனிமேல் அவரைப் பற்றி எழுதும்போது "மதர்" என்று எழுது.

ஜூன் மாதம் கடைசி வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிறாயாம். அதற்கப்புறம் சாகும்வரை கன்னியாஸ்திரிதான், திரும்பும் பேச்சே இல்லையாம். அதற்கு என்னுடைய மனப்பூர்வமான சம்மதம் வேண்டுமாம். ஏழு வருஷத்துக்கு முன்னால், இருபது வயதில், ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாயே, அன்றைக்குக் கேட்டாயா? நான் கடையில் குனிந்து சட்டைக் கழுத்துக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். "போயிட்டு வரேம்மா" என்றாய். பக்கத்துத் தெருவுக்குப் போகிறாய் என்று நினைத்து, வரும்போது வெள்ளை நூல்கண்டு வாங்கிவா என்றேன். அந்த நூல்கண்டு இன்னும் வரவில்லை.

உன் அப்பா போனபோது உனக்கு நாலு வயது. நான் ஒருத்தியாகத் தையல்மிஷினை மிதித்து உன்னை ஆளாக்கினேன். இப்போது நீ தெருவில் விழுந்து கிடந்தவர்களுக்கெல்லாம் தலைவாரி விடுகிறாய். நல்ல காரியம், யார் இல்லை என்றது? ஞாயிறு தவறாமல் உன்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனவளும் நான்தான். எனக்கு நானே சூனியம் வைத்துக்கொண்டேன்.

ஏழு வருஷமாக உன்னை வந்து பார்க்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். இப்போது வருவேன். எந்த நாள் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீ முகத்தைக் கழுவி, சிரிப்பைத் தயார் செய்து வைத்திருப்பாய். எனக்கு அது வேண்டாம். உன்னிடம் நேரில் கேட்க ஒன்று இருக்கிறது.

உன்னைப் பெற்றவள்


பிப்ரவரி 14

அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் இந்தச் சொல் உனக்கு மட்டும்தான். மதரிடம் உன் கண்டிப்பைச் சொன்னேன். "நியாயந்தானே, நான் யாரையும் சுமக்கலையே" என்று சிரித்தார்.

அம்மா, உன் எழுத்து இந்தமுறை ஒரு வரியின்மேல் இன்னொரு வரி ஏறிக்கொண்டிருந்தது. கோடு போடாமலே துணி வெட்டுகிறவள் நீ. கண் எப்படி இருக்கிறது?

இங்கே என் காலை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பெண்கள் கூடத்தில் இருபத்தாறு கட்டில். இருபத்தாறு தலையும் என் பொறுப்பு. புதிதாகத் தூக்கிவரப்பட்டவர்களுக்கு முதலில் புண்ணைக் கழுவி, பேன் மருந்து போட்டு, சிக்கெடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அப்புறம் சீப்பை வைத்தாலே கண் சொருகிவிடும். அந்த நேரத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்போம். நேத்து என்ன கனவு கண்டீங்க? பேர் என்ன, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. ஆஸ்பத்திரியிலும் போலீஸிலும் அதைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு அலுத்துவிட்டது. கனவை மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. கனவே வராதவர்கள்கூட எதையாவது இட்டுக்கட்டிச் சொல்வார்கள். நாங்கள் அதையும் கேட்டுக்கொள்வோம்.

ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒருவர் இருக்கிறார். கப்பல்காரம்மா என்று கூப்பிடுகிறோம். தினமும் அவருக்கு ஒரே கனவு. துறைமுகத்தில் நிற்கிறாராம். கப்பல் தெரிகிறதாம், கரைக்கு மட்டும் வருவதில்லையாம். "இன்னிக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்துச்சு சிஸ்டர்" என்பார். இத்தனைக்கும் அவர் கடலையே பார்த்ததில்லை. சில நாள் எந்தக் கனவு யாருடையது என்று எனக்கே குழம்பிப்போகிறது. பத்தாம் கட்டில்காரி சொன்ன வெள்ளைக்குதிரை மறுநாள் என் கனவில் வந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டுகிறது.

மத்தியானம் சாப்பிட்டதிலிருந்து சாயங்கால மணி அடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது, நோயாளிகளோடு தவிர. அந்த நேரத்தில் மொட்டைமாடிக்குப் போனால் கொடி முழுக்க வெள்ளை விரிப்புகள் காற்றில் ஆடும். நடுவே நின்றால் கட்டிடம் மொத்தமும் மெதுவாக நகர்வதுபோல இருக்கும். அங்கே சலவை சிஸ்டரின் ராஜ்ஜியம். ஜூனில் வார்த்தைப்பாடு கொடுக்கும் ஏழு பேரில் அவளும் ஒருத்தி. கைக்குழந்தையாக இந்த வீட்டு வாசலில் கிடந்தவள், இங்கேயே வளர்ந்தவள். வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் பத்து நாள் வீட்டுக்குப் போக விடுமுறை உண்டு. அவளுக்கு மட்டும் போவதற்கு இடமில்லை. "எனக்குப் பத்து நாளும் விரிப்பு துவைக்கிற விடுமுறை" என்கிறாள்.

நான் மே மாதம் வருவேன். வருவதற்குப் பயமாகவும் இருக்கிறது. உன் கடைவாசலில் மிஷின் சத்தம் கேட்டால் திரும்பி வரமாட்டேனோ என்று பயம். இதை மதரிடம்கூடச் சொல்லவில்லை. உன் சம்மதம் இல்லாமல் என்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியும், அம்மா. ஆனால் முழுசாகச் சொன்னதுபோல இருக்காது.

உன் மகள்


மார்ச் 11

பாப்பாவுக்கு,

இந்தப் பேரைச் சொல்லி எழுதி எத்தனை காலம் ஆயிற்று!

வீட்டுக்கு வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடதுகை தைத்துவிட்டேன்.

அன்றைக்கு உங்கள் வாசலில் ஒரு பெரியவர் இருந்தார். என் மகளைப் பார்க்கணும் என்றேன். காதுக்குப் பின்னால் கையை வைத்து "ஆங்?" என்றார். மூன்று தடவை கத்தினேன். கடைசியில் மாடியைக் காட்டினார். முப்பத்திரண்டு படி. மேலே ஏறினதும் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எல்லாம் வெள்ளை. வெயில் வெள்ளை, துணி வெள்ளை, காற்றுகூட சோப்பு வாசனையோடு வெள்ளையாக வந்தது. செத்துப்போய் மேலே வந்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த வெள்ளைக்குள் ஒரு வெள்ளை அசைந்தது. அதே உயரம், தொட்டியின்மேல் அதே குனிவு. பாப்பா என்று கூப்பிட்டேன். நீ நிமிர்ந்தாய். ஓடிவந்து உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

நீ பேசவில்லை. மத்தியானம் பேசக்கூடாது என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. சரி, பேசாதே, நான் பேசுகிறேன் என்றேன். நல்லதாகப் போயிற்று. நீ பேசியிருந்தால் நாம் சண்டைதான் போட்டிருப்போம். உன் வாய் என் வாய், அது எப்போது சும்மா இருந்தது?

உன் கை எப்படிக் காய்த்துப்போயிருக்கிறது! சோடா உப்பில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்து. அதைத் தடவிக்கொண்டேதான் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழு வருஷம் அடைத்து வைத்தது. சொல்லக்கூடாத ஒன்றையும் சொன்னேன். அதை இங்கே மறுபடி எழுதமாட்டேன், நீதான் கேட்டுவிட்டாயே. நீ என் கையை எடுத்து உன் கன்னத்தில் வைத்துக்கொண்டாய். கன்னம் முழுக்க ஈரம். நீ சின்னப்பிள்ளையில்கூட அப்படி ஒட்டிக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்துவிடு, அந்த வார்த்தைப்பாடு வேண்டாம் என்று கேட்டேன். என் மடியில் தலையைச் சாய்த்து அசைத்தாய்.

மணி அடிப்பதற்குள் நான் இறங்கிவிட்டேன், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மணி அடித்திருந்தால் நீ பேசியிருப்பாய், எதையாவது பேசி அதைக் கெடுத்திருப்பாய். வழியெல்லாம் தூக்கத்தில் நடப்பதுபோல வந்தேன். என் வயிற்றில் பாலை வார்த்தாய் பாப்பா.

அம்மா


மார்ச் 20

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் மாடிக்குப் போய் நின்றேன்.

இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. எங்களுக்கு மாதம் இரண்டு கடிதம்தான், அதனால் இதை அனுப்பித்தான் ஆகவேண்டும்.

மார்ச் முதல் வாரம் இங்கே ஒரே அலைச்சல். ஆற்றுக்கு அக்கரையில் காய்ச்சல் பரவி, எங்களில் நாலு பேரை அங்கே அனுப்பியிருந்தார்கள். குடிசை குடிசையாகப் போய்க் குழந்தைகளுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு குழந்தை காய்ச்சல் மயக்கத்தில் என்னைத் தன் அத்தை என்று நினைத்துக்கொண்டு, என் இடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. நான் அத்தை இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. காய்ச்சல் இறங்கினதும் தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்றைக்குவரை தெரியவில்லை.

கப்பல்காரம்மாவுக்கு உடம்பு தளர்ந்துகொண்டே வருகிறது. கப்பலில் விளக்கு தெரிகிறது என்கிறார்.

அம்மா, அவசரப்பட்டு யாரிடமும் எதுவும் சொல்லிவிடாதே. வீட்டில் எதையும் மாற்றாதே. நான் இன்னொரு கடிதம் எழுதுகிறேன். கண் டாக்டரிடம் போனாயா? அதற்கு நீ பதில் எழுதவே இல்லை.

உன் மகள்


ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

என்ன கடிதம் இது? கேட்டதற்குப் பதில் இல்லை, கேட்காததற்கு இரண்டு பக்கம். அக்கரைக்கு நாலு பேர் போனார்களாம், குழந்தைக்குக் காய்ச்சலாம். என்றைக்கு வருகிறாய் என்று ஒரு வரி எழுத உனக்கு மை தீர்ந்துவிட்டதா?

யாரிடமும் சொல்லாதே என்கிறாய். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. பெட்டிக்கடைக்காரர், மாடிவீட்டு டீச்சர், பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள், ஒருத்தர் பாக்கி இல்லை. என் மகள் வருகிறாள், இனி போகமாட்டாள். இதைச் சொல்வதில் எனக்கு என்ன கூச்சம்?

உன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். ஜன்னல் கதவு மழைக்கு ஊதிப்போய்ச் சாத்தமுடியாமல் கிடந்தது, இழைத்தாயிற்று. உன் மிஷினுக்கு எண்ணெய் போட்டு ஓட்டிப்பார்த்தேன், ஓடமாட்டேன் என்று இரண்டு நாள் முரண்டு பிடித்து அப்புறம் ஓடியது. அது உன்னைப்போல.

நேற்று மத்தியானம் அசந்துவிட்டேன். கனவில் நீ அந்த விரிப்புகளுக்கு நடுவே நடந்து வருகிறாய். ஒவ்வொரு விரிப்பாக விலக்கி விலக்கி வருகிறாய், அது தீரவே இல்லை. ஆனாலும் எனக்குப் பதற்றம் இல்லை. வந்துவிடுவாய் என்று தெரிந்ததுபோலச் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்கள் வழக்கப்படி கனவைச் சொல்லிவிட்டேன். இனி நாளைச் சொல்.

அம்மா


ஏப்ரல் 9

அம்மா,

அந்த மத்தியானம் மாடியில் இருந்தது நான் இல்லை.

இதை மார்ச் மாதமே எழுதியிருக்கவேண்டும். அக்கரைக்குப் போன நாலு பேரில் நானும் ஒருத்தி. நீ வந்தபோது நான் குடிசையில் இருந்தேன். நீ கையைப் பிடித்தது சலவை சிஸ்டரின் கையை.

அவள்மேல் கோபப்படுவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள். வார்த்தைப்பாட்டுக்கு முன் எங்கள் ஒவ்வொருவருக்கும் எட்டு நாள் மௌன தியானம். வேலை செய்யலாம், ஜெபிக்கலாம், ஒரு சொல் பேசக்கூடாது. அவளுக்கு அந்த வாரம்தான் முறை. நான் திரும்பி வந்த மறுநாள், தியானம் முடிந்து, என்னிடம் வந்து கொடிக்குக் கீழே முழங்கால் போட்டுவிட்டாள். எழுந்திரு என்று தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

"உங்கம்மா வந்தாங்க. என்னைப் பாப்பான்னு கூப்பிட்டாங்க. பேசக்கூடாதுன்னு ஒரு காரணம் சொல்லிக்கலாம். ஆனா அது நெசமில்ல. தலையை ஆட்டிக் காட்டிருக்கலாம், கையை உருவிக்கிட்டு ஓடிருக்கலாம். ஒரு நிமிஷம் கழிச்சுக் காட்டிக்கலாம்னு நெனச்சேன். அந்த ஒரு நிமிஷம் மத்தியானம் பூராவும் ஆயிருச்சு. என்னை யாரும் அப்படிப் பிடிச்சதில்ல" என்றாள்.

உன் மடியில் அவள் தலையை அசைக்கவில்லை, அம்மா. அழுதிருக்கிறாள். அது உனக்கு அசைப்பதுபோலத் தெரிந்திருக்கிறது.

நீ என்ன பேசினாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன். அவள் சொல்லமாட்டேன் என்றாள். "அது உங்களுக்குச் சொன்னது. நான் எடுத்துக்கவே கூடாது. எடுத்துட்டேன், ஆனா பிரிச்சுக் காட்டமாட்டேன்." மதரிடமும் சொல்லவில்லை.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இன்றுவரை அவளோடு பேசவில்லை. ஏழு வருஷம் காத்திருந்தது எனக்கு, கிடைத்தது அவளுக்கு. ஏழைகளுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கொடுக்க எனக்கு மனசில்லை. இவ்வளவுதான் என் துறவு, பார்த்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன். ஏழு வருஷமாகப் பார்க்காவிட்டாலும், ஒரே உடுப்பாக இருந்தாலும், முகத்துக்கு முகம் உட்கார்ந்து, ஒரு மத்தியானம் முழுக்க, உனக்கு எப்படி அம்மா தெரியாமல் போயிற்று?

உன் மகள்


ஏப்ரல் 30

மகளுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். எனக்குக் கண் தெரியவில்லை.

இரண்டு வருஷம் ஆகிறது. கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறதாம். ஆபரேஷன் கிடையாது, சொட்டுமருந்து இருப்பதைக் காப்பாற்றும், போனதைக் கொண்டுவராது. வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. சட்டையை விரலால் அளந்து தைக்கிறேன். எழுதும்போது தாளின்மேல் அடிக்கோலை வைத்து, ஒவ்வொரு வரிக்கும் அதை இறக்கிக்கொள்கிறேன். சில சமயம் இறக்க மறந்துபோகிறது. வரி ஏறினது அதனால்தான்.

உன் கடிதங்களை மாடிவீட்டு டீச்சர்தான் படித்துக்காட்டுகிறாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதுபோல ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள். இந்தக் கடிதத்தில் முதல் வரியைப் படித்ததும் நிறுத்திவிட்டாள். "எனக்குத் தொண்டை கட்டிருக்கு, நாளைக்குப் படிக்கிறேங்க்கா" என்றாள். எனக்கே காது குத்துகிறாயா, படி என்றேன். படித்தாள். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் படித்தாள். முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து வேறு வேறு வேலையைப் பார்த்தோம்.

உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் கேட்பாய். கண் போய்விட்டது என்றால் நீ ஓடிவருவாய். இருபத்தாறு கட்டிலோடு நான் இருபத்தேழு. அது எனக்கு வேண்டாம் என்று இருந்தேன். நீ என்னை விரும்பி வரவேண்டும் என்று இருந்தேன். அதற்குத்தான் வந்து கேட்டேன்.

பெற்ற பிள்ளை என்று ஊரான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறேன். கொஞ்சநாள் எனக்கு எழுதாதே.

உன்னைப் பெற்றவள்


மே 4

அம்மாவுக்கு,

எழுதாதே என்றாய். மன்னித்துக்கொள், இது ஒரு கடிதம் மட்டும்.

நான் வந்துவிடுகிறேன். பத்து நாளுக்கு இல்லை, ஒரேயடியாக. மதரிடம் சொல்லிவிட்டேன். யார் யாருடைய கண்ணையோ துடைத்துவிட்டு, உன் கண் போனதுகூடத் தெரியாமல் இங்கே கனவு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்கு மேலும் நான் அந்த வார்த்தையைச் சொன்னால் அது யாருக்கு?

மதர் தடுக்கவில்லை. நான் சொன்னதெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டார். "போகணும்னா போம்மா. ஆனா உங்கம்மாவைக் கேட்டுட்டுப் போ. கேக்காம கிளம்புறது ஒரு தடவை ஆச்சு" என்றார். அதற்காகத்தான் எழுதுகிறேன். கேட்கிறேன். வரட்டுமா?

கப்பல்காரம்மா போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை, நான் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோதே. நேத்து என்ன கனவு என்றேன். "கப்பல் வந்துருச்சு. ஏறிப் பார்த்தேன். உள்ளே இந்தக் கூடந்தான் இருக்கு, இதே கட்டிலு, நீங்களும் சீப்போட நிக்கிறீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பின்னலை முடித்துப் பார்த்தால் இல்லை. நான் பாட்டுக்கு அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன், சலவை சிஸ்டர் வந்து விரலைப் பிரித்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவளோடு மறுபடி பேசினேன்.

கிளம்பவேண்டும் என்று முடிவெடுத்ததிலிருந்து இந்தக் கூடத்தைப் பார்க்கவே முடியவில்லை, அம்மா. சீப்பைக் கையில் எடுத்தாலே அழுகை வருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், இனி உன்னிடம் எதையும் ஒளிக்கவில்லை. ஆனாலும் வருகிறேன். நீ வா என்று மட்டும் சொல்.

உன் பாப்பா


மே 12

பாப்பாவுக்கு,

இதை டீச்சர் எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதவேண்டும், இலக்கணம் திருத்தக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

வராதே.

டீச்சர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். முகம் தெரியாவிட்டாலும் பார்ப்பது தெரிகிறது. எழுது என்கிறேன். என் கண்ணுக்காக நீ வந்தால், நான் உன் ஏழைகளில் ஒருத்தி. அங்கே அவர்களுக்குச் சந்தோஷமாகத் தலைவாரி விடுகிறவள், இங்கே எனக்கு அழுதுகொண்டே தலைவாருவாய். அது எனக்கு ஆகாது. கண் போனவளுக்குக் கடை இருக்கிறது, விரல் இருக்கிறது, மூக்கை நுழைக்க ஒரு டீச்சர் இருக்கிறாள். இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுதினாளா இல்லையா என்று நீ வந்து சொல்.

வந்து என்றது பத்து நாளுக்கு. அந்த விடுமுறையை விடாதே, நான் வெள்ளையடித்தது வீணாகக்கூடாது. வரும்போது அந்தச் சலவை சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு வா. மதரிடம் நான் கேட்டதாகச் சொல். மடத்திலேயே வளர்ந்தவளுக்கு வீடு கிடையாது என்று யார் சொன்னது? ஒரு மத்தியானம் முழுக்க என் மடியில் கிடந்திருக்கிறாள். முதலில் அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அதை மறைக்கவில்லை. அப்புறம் யோசித்தேன். அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தது அவளா, நானா? அவள் உருவிக்கொண்டிருந்தால் நான் அந்தப் படியில் எப்படி இறங்கியிருப்பேன்? பத்து நாள் அவளுக்கு விரிப்பு துவைக்கிற வேலை கிடையாது. பொத்தான் தைக்கட்டும்.

இனி, அன்றைக்கு நான் மாடியில் சொன்னதைச் சொல்லவேண்டும். டீச்சர் எழுந்து போகிறேன் என்கிறாள். நீ போனால் யார் எழுதுவது, உட்கார் என்றேன்.

நீ போன நாளிலிருந்து தினமும் விடியற்காலையில் நான் உனக்காக ஜெபிக்கிறேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். என்ன ஜெபிக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. நீ தோற்றுப்போகவேண்டும் என்று. உன்னால் முடியாமல் போகவேண்டும், புண்ணைப் பார்த்து உனக்குக் குமட்டவேண்டும், அவர்கள் உன்னை லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பவேண்டும், நீ அழுதுகொண்டு என் வாசலில் வந்து நிற்கவேண்டும். ஏழு வருஷம். ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் சொன்னேன். முதல் வருஷம் நீ நோயில் படுத்தாய் என்று எழுதினாயே, அன்றைக்கு என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்தது பாப்பா. பெற்றவளுக்கு வந்தது.

அதைத்தான் அங்கே சொன்னேன். சொல்லி முடித்தபோதுதான் அவள் என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நீ மன்னித்துவிட்டாய் என்று நினைத்து ஒரு மாதத்துக்கு மேல் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது நீ தனியாக மன்னிக்கவேண்டியிருக்கிறது. அவசரமில்லை, பத்து நாள் இருக்கிறதே. முடியவில்லை என்றால் சண்டை போடு, அதற்கும் தயாராக இருக்கிறேன்.

ஜூனில் டீச்சர் என்னைக் கூட்டிவருவாள். சம்மதத்தை எழுத்தில் கேட்டிருந்தாய், இதோ எழுத்தில், சாட்சியோடு. நீங்கள் ஏழு பேரும் ஒரே வெள்ளையில் நிற்பீர்கள், எனக்கு எது நீ என்று தெரியாது. பூசை முடிந்ததும் நீயே வந்து கையைக் கொடு. வாயைத் திறந்து பேசு.

ஜெபத்தை மாற்றிவிட்டேன். மூன்று நாளாக நீ நிலைத்து நிற்கவேண்டும் என்று கேட்கிறேன். ஏழு வருஷப் பழக்கம், அவ்வளவு லேசில் போகிறதா? கண்ணை மூடினதும் பழையதே பாதிவரை வந்துவிடுகிறது. நிறுத்திவிட்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

அம்மா